எண்கோட்டுப் பாய்: எதைப் பார்த்து வாங்குவது?

0 முதல் 20 வரை எண் அச்சிட்டு, குழந்தைகள் குதித்து விளையாடக் கிடைக்கும் வினைல் பாய், யூகேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை கூட்டல் கழித்தலுக்கு அருமையான துணை. ஆனால் அச்சு தப்பாக இருந்தால் அதே பாய் தப்புக் கணக்கைப் பழக்கிவிடும்.

முதலில் எண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாண்டி ஆட்டம் மாதிரி கட்டத்துக்குள் எண் இருந்தால், 3 + 4 கேட்டதும் பிள்ளை 3-இல் நின்றபடியே ‘ஒண்ணு’ என்று ஆரம்பிக்கும். ‘நாலு’ சொல்லும்போது கால் 6-இல் இருக்கும். கூட்டல் தெரியாமல் இல்லை. தாவலை எண்ணாமல் கட்டத்தை எண்ணியிருக்கிறது. எண் குறுக்குக் கோட்டின் மேல் இருந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது. கட்டப் பாய் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். குதித்து, கால் ஊன்றிய பிறகே வாய் எண்ண வேண்டும் என்று பழக்கினால் போதும்.

1-இல் தொடங்கும் பாயை வாங்காதீர்கள். 3 − 3 போட்ட பிள்ளை எங்கே போய் நிற்கும்? பாம்பு மாதிரி சுருண்டு போகும் பாய் பார்க்க அழகு, கணக்குக்கு உதவாது. 2009-இல் சீக்லர், ராமணி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், நேர்கோட்டு எண்பலகையில் விளையாடிய மழலையருக்கு எண்களின் அளவு பிடிபட்டது; வட்டப் பலகையில் விளையாடியவர்களுக்கு அப்படி வரவில்லை. அது மேசையில் வைத்து ஆடும் ஆட்டம்தான். ஆனாலும் எண் கூடக் கூடத் தூரமும் கூட வேண்டும் என்பது பாய்க்கும் பொருந்தும்.

கோட்டுக்குக் கோடு 30 செ.மீ. இருக்கட்டும். அப்படியானால் 20 வரை 6 மீட்டர் வேண்டும். ஹால் சின்னதென்றால் 10-இல் மடித்துக்கொள்ளலாம். ஐந்து வயதுப் பிள்ளை வேகமாகத் தாவினால் 30 செ.மீ.யைத் தாண்டிவிடும், அதனால் ஒற்றை எண்ணுக்குக் குட்டித் தாவல். இரண்டிரண்டாகப் போக 60 செ.மீ. சரியான தாவல். ஐந்தைந்தாக என்றால் ஒன்றரை மீட்டர், எட்டாது. நாலு மெல்ல, ஐந்தாவது ஓங்கி ஒரு குதி என்று வைத்துக்கொண்டால் 5, 10, 15 காதிலும் காலிலும் பதியும்.

கழித்தலுக்குத் திரும்பி நின்று நடக்க விடாதீர்கள். முகம் பெரிய எண்ணைப் பார்த்தபடியே இருக்க, அடி பின்னோக்கி வர வேண்டும். திரும்பிவிட்டால் கழித்தலும் முன்னால் போவதாகவே தோன்றும். பின்னோக்கிக் குதிக்க வேண்டாம், நடந்தால் போதும்.

டைல்ஸ் தரையில் வினைல் வழுக்கும். சாக்ஸைக் கழற்றிவிட்டு, நாலு மூலையிலும் டேப் ஒட்டிய பிறகே விளையாட விடுங்கள். சுருட்டி வைத்த பாயின் ஓரம் தூக்கிக்கொண்டு காலைத் தடுக்கும். அச்சுப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சுருட்டினால் விரிக்கும்போது ஓரம் தரையோடு படியும்.

ஒரு எச்சரிக்கை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆறு வார ஆய்வில், உடம்பை முழுவதுமாக அசைத்துக் கணக்குப் போட்ட பிள்ளைகள், கையை மட்டும் அசைத்தவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். ஏற்கெனவே கணக்கில் பின்தங்கியிருந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாயை மட்டும் நம்பி இருக்காதீர்கள். புளியங்கொட்டையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆளும் வேண்டும்.

தினம் பத்து நிமிடம் தாராளம். குதித்து முடித்ததும் அதே கோட்டை நோட்டில் வரைந்து, தாவிய ஒவ்வொரு தாவலையும் வளைகோடாகப் போடச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் கணக்கு பாயிலேயே நின்றுவிடும்.