பிஎச்பிஸ்டான்: ஓட்டிப் பார்க்காமலே பிழை சொல்லும் கருவி

பிஎச்பியில் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் பிஎச்பிஸ்டானை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். நிரலை ஓட்டாமல், படித்து மட்டுமே பிழை சொல்லும். இலவசம், கம்போசரில் (பிஎச்பி பேக்கேஜ்களை இறக்கித் தரும் கருவி) ஒரே வரியில் இறங்கிவிடும்.

கண்டிப்பு 0 முதல் 10 வரை லெவல்களாக இருக்கிறது (10 வந்தது 2024இல் வெளியான 2.0 பதிப்பில்). 0இல் இல்லாத கிளாஸ், இல்லாத ஃபங்ஷன் மாதிரி அப்பட்டமான தப்புகள்தான் சிக்கும். எனக்குப் பிடித்தது 8. ஐடி கொடுத்துப் பயனரைத் தேடுகிறோம், ஆள் இல்லையென்றால் 'நல்' (ஒன்றுமில்லை என்று அர்த்தம்) வரும், நாமோ அதை யோசிக்காமல் அடுத்த வரியிலேயே அதன்மேல் ஒரு மெத்தடைக் கூப்பிட்டு வைத்திருப்போம், லோக்கலில் ஒழுங்காக ஓடும், லைவில்தான் 500 எரர் (சர்வர் பிழை) அடிக்கும். அந்த வரியை நம்பரோடு காட்டிக்கொடுக்கிறது.

பழைய ப்ராஜெக்டில் நேராக 8ஐ வைத்தால் திரை முழுக்கப் பிழைதான். அதற்குத்தான் பேஸ்லைன்: இருக்கும் பிழைகளை ஒரு ஃபைலில் எழுதி ஒதுக்கிவிட்டு, புதிதாக வருவதற்கு மட்டும் கத்தும். அந்த ஃபைலை அப்புறம் யாரும் திறப்பதே இல்லை என்பது வேறு கதை.

லாரவெல் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) என்றால் அதற்கான துணைக்கருவி லாராஸ்டானும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் லாரவெலின் டேட்டாபேஸ் பகுதியான எலொக்வென்டின் மேஜிக் சமாசாரங்கள் (நிரலில் எழுதாமலே ஓடும்போது உருவாகிறவை) பிஎச்பிஸ்டானுக்குப் புரியாது. பெரிய ப்ராஜெக்டில் மெமரி தின்னும், பிஎச்பியின் வழக்கமான 128 எம்பி வரம்பு பத்தாமல் பாதியில் நின்றால் லிமிட்டை ஏற்றிவிடுங்கள். லாஜிக் தப்பு மட்டும் இதனிடம் சிக்காது. தள்ளுபடியைக் கழிக்காமல் கூட்டி வைத்திருந்தாலும், டைப் (எண்ணா, எழுத்தா என்ற வகை) சரி என்று பேசாமல் போய்விடும், அதற்கு டெஸ்ட்தான் எழுத வேண்டும்.