நாலு வருஷ வேத வாசிப்பு: பைண்டிங் கடைக்குப் போய் வந்த பிறகு எழுதுவது

போன வாரம் என் வேதாகமத்தை, அதாவது பைபிளை, பைண்டிங் கடையிலிருந்து வாங்கி வந்தேன். தையல் விட்டுப்போய், சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் அதற்கு முந்தின யோபு புத்தகம் கையோடு வருகிற நிலைமை. 350 ரூபாய். தையல் கச்சிதம், அட்டையும் கச்சிதம், ஆனால் மனுஷன் மூன்று பக்கமும் ஓரத்தைச் சீவிவிட்டார். அந்த ஓரத்தில்தான் ஒவ்வொரு அதிகாரத்தையும் வாசித்து முடித்த தேதியை நாலு வருஷமாகப் பென்சிலில் எழுதி வைத்திருந்தேன். இப்போது பாதி இடத்தில் நாள் இருக்கிறது மாசம் இல்லை, மீதி இடத்தில் ஒரு கோடு மட்டும் தொங்குகிறது. கேட்டால், "ஓரம் சீவாம எப்படி சார் பைண்டிங்?" என்கிறார். அதுவும் சரிதான்.

அன்றைக்குப் பார்த்து ஒரு நண்பன் கேட்டான்: தினமும் வேதம் வாசிக்க ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன், உனக்கு எப்படிப் போகிறது, அட்டவணை வைத்துப் போகலாமா என்று. அவனுக்கான பதில் இது. கொஞ்சம் கடுப்பில் எழுதுகிறேன், அதைக் கழித்துக்கொள்ளவும்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 66 புத்தகம், 1189 அதிகாரம். வார நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து, வருஷக் கடைசியில் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் முடிந்துவிடும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையோடு அட்டவணையும் கையில் கொடுத்தார்கள். ஆதியாகமம் கதை, யாத்திராகமம் பாதிவரை கதை, ஜனவரி ஓடியதே தெரியவில்லை. பிப்ரவரி முதல் வாரம் லேவியராகமம் 13. தோலில் தடிப்பு, வெண்படலம், ஏழு நாள் அடைத்து வைத்து ஆசாரியன் திரும்பப் பார்க்க வேண்டும், 59 வசனம். முதல் வருஷம் அங்கேயே படுத்துவிட்டேன். எங்கள் சபையில் விசாரித்தால் பலருக்கும் அதே ஊரில்தான் வண்டி நின்றிருக்கிறது.

என் தீராத எரிச்சல் வேதாகமத்தின் மேல் இல்லை, இந்த அட்டவணை மேல். அதற்கு எல்லா அதிகாரமும் ஒரே எடை. சங்கீதம் 117 இரண்டே வசனம், அதுவும் ஒரு கட்டம். இரண்டு தள்ளி 119, 176 வசனம், அதுவும் ஒரு கட்டம். நாலு நாள் காய்ச்சலில் படுத்தால் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி விழும். அப்புறம் அது வட்டிக்கடன் மாதிரி. பாக்கியை அடைக்க வாசிக்கிறபோது கண் ஓடுகிறது, மனசு கட்டத்தில் டிக் போடுவதிலேயே இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி எரேமியாவில் ஒன்பது அதிகாரத்தை முக்கால் மணி நேரத்தில் முடித்தேன். தீர்க்கதரிசி அழுகிறார், நான் பக்கத்தை எண்ணுகிறேன்.

இத்தனைக்கும் இந்த அதிகாரப் பிரிவு மோசே செய்ததும் இல்லை, பவுல் செய்ததும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன், பிற்பாடு கான்டர்பரி பேராயர் ஆனவர், போட்ட பிரிவு என்பார்கள். பல இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏசாயா 53ஐ எடுத்துக்கொள்ளுங்கள், பாடுபடும் தாசனைப் பற்றிய அந்தப் பகுதி 52இன் கடைசி மூன்று வசனத்திலேயே தொடங்கிவிடுகிறது. என் அட்டவணையில் அன்றைய பங்கு 52ஓடு முடிந்தது. தொடக்கத்தை ஒரு நாள் ராத்திரி தூக்கக் கலக்கத்திலும், மீதியை மறுநாள் சம்பந்தமே இல்லாமலும் வாசித்தேன். மூன்றாவது வருஷம்தான் இரண்டையும் சேர்த்து வாசித்தேன்.

செயலியும் பார்த்துவிட்டேன். விடாமல் எத்தனை நாள் வாசித்தோம் என்று எண்ணிக் காட்டும். 41 வரை போனது. ஊருக்குப் போன ரயிலில் சிக்னல் இல்லை, மறுநாள் பூஜ்யம். அன்றைக்கே அழித்துவிட்டேன்.

இப்போது நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருஷம் பிப்ரவரியில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், பாளையங்கோட்டையில் ஒரு வாரம் கூட இருந்தேன். அம்மாவால் வாசிக்க முடியாது, "நீ வாசிக்கிறத சத்தமா வாசிய்யா" என்றாள். அட்டவணையில் அன்றைக்கு எண்ணாகமம் 7. வாசித்தவர்களுக்குத் தெரியும், 89 வசனம். பலிபீடப் பிரதிஷ்டைக்குப் பன்னிரண்டு கோத்திரத் தலைவர்கள் பன்னிரண்டு நாள் காணிக்கை கொண்டுவருகிறார்கள், பன்னிரண்டு பேரும் கொண்டுவருவது ஒன்றேதான்: 130 சேக்கல் (அந்தக் கால எடை அளவு) வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி, அப்புறம் ஆடு மாடு. ஒன்றையும் சுருக்காமல் பன்னிரண்டு தடவை முழுசாக எழுதியிருக்கிறது. நகசோன் முடிந்து நெதனெயேல், எலியாப். நாலாவதாக எலிசூர் வந்தபோது அம்மா எனக்கு முன்னால் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் தலைவர் பெயரைச் சொன்னால் போதும், தாலம், கலம், கரண்டி எல்லாம் கட்டிலிலிருந்து வருகிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதை ஏன் இப்படி இழுத்து எழுதியிருக்கிறது, அதேதான் என்று ஒரு வரி போட்டால் போதாதா என்றேன்.

"போதுமா? மொய் நோட்டுல நம்ம பேருக்கு நேரா மேற்படின்னு போட்டு வச்சா நீ சும்மா இருப்பியா?"

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. கடைசியில் பார்த்தால், மொய் எழுதினவர் ராத்திரி உட்கார்ந்து கூட்டுகிற மாதிரி மொத்தமும் போட்டிருக்கிறது, வெள்ளி 2400 சேக்கல். கையில் பென்சில் இருந்ததால் கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது.

அட்டவணை இல்லாவிட்டால் அந்த அதிகாரத்துக்கு நான் போயிருக்கவே மாட்டேன். சங்கீதம் 23, சங்கீதம் 91, யோவான் 14 என்று பழகின தெருவிலேயே சுற்றிக்கொண்டிருப்பேன். அது உண்மை. குணம் மாறியதா என்று கேட்டால் என் மனைவியைக் கேட்க வேண்டும், அவள் அபிப்பிராயம் "வாசிச்ச அன்னிக்கும் அதே கோபம்தான்". அதிகாலைத் தியானம் எனக்கு ஒத்துவரவில்லை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால்தான். பழைய மொழிபெயர்ப்பில் நிருபங்கள், அதாவது பவுல் முதலானவர்களின் கடிதங்கள், மூச்சு வாங்கவைக்கும்போது 1995 பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். சத்தமாக வாசிக்க மட்டும் பழையதுதான்.

ஆக, நண்பா, அட்டவணை வாங்காதே. மாற்கு 16 அதிகாரம்தான், அதை எடுத்து வாய்விட்டு வாசி, மனசு நிற்கிற இடத்தில் நீயும் நில், எண்ணாதே. நான் இந்த வருஷமும் அட்டவணையில்தான் போகிறேன். 14 அதிகாரம் பாக்கி. அட்டவணை 1 நாளாகமத்துக்குப் போய்விட்டது, நான் இன்னும் 2 இராஜாக்களில். நாளாகமத்தில் முதல் ஒன்பது அதிகாரமும் வம்ச அட்டவணை, பேர் மேல் பேர், அதை போனில் வாசித்துக் காட்டச் சொல்லி அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

தேதியை இனிமேல் உள்பக்கம், தையல் ஓரமாக எழுதுகிறேன். அங்கே கத்தி எட்டாது.