தோள்பட்டைக்கான மேல்முறையீடு: மூன்று வழிகளில் எது, யாருக்கு?

அமெரிக்க முன்னாள் படைவீரர் விவகாரத் துறை ஒருவருடைய தோள்பட்டைக் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கையை மறுத்துவிட்டாலும், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த ஊனச் சதவீதம் (மாதத் தொகையை முடிவுசெய்யும் எண்) கொடுத்தாலும், அவர் போகக்கூடிய வழிகள் மூன்று. 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 19 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் வகுத்தவை அவை. புதிய ஆதாரத்தோடு துணைக் கோரிக்கை தாக்கல் செய்யலாம்; அதற்குப் படிவம் 20-0995. இருக்கும் கோப்பையே மூத்த அதிகாரி ஒருவரை மீண்டும் படிக்கச் சொல்லும் உயர்நிலை மறுஆய்வைக் கேட்கலாம், படிவம் 20-0996. அல்லது படிவம் 10182 வழியாக மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதியிடம் போகலாம்.

எது நல்லது என்று கேட்டால், "புதிய ஆதாரம் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்பார்கள். தோள்பட்டைக்கு அந்தக் கேள்வி மட்டும் போதாது என்று உறுதியாக நினைக்கிறேன். துறை ஏற்பாடு செய்த மருத்துவப் பரிசோதனையின் அறிக்கையை வரிவரியாகப் படித்து, அது எந்த இடத்தில் பிழைபட்டது என்று கண்டுபிடித்த பிறகே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவுக் கடிதத்தை மட்டும் படித்துவிட்டுக் கோபத்தில் படிவத்தை நிரப்புவது வீண்.

ஏனென்றால் தோள்பட்டையின் சதவீதம் பெரும்பாலும் ஒரு கோணத்தில் அடங்கியிருக்கிறது. கையை முன்னாலோ பக்கவாட்டிலோ தூக்கினால் இயல்பான வீச்சு 180 பாகை. துறையின் மதிப்பீட்டு அட்டவணையில் உள்ள 5201 என்ற குறியீட்டின்படி, கை தோள் மட்டத்தோடு, அதாவது 90 பாகையில் நின்றுவிட்டால் எந்தக் கையானாலும் 20 சதவீதம். உடலுக்கும் தோள் மட்டத்துக்கும் நடுவில், 45 பாகை அளவில் நின்றால், எழுதும் கைக்கு 30. மற்றக் கைக்கு அப்போதும் 20 தான். 25 பாகைக்கு மேல் எழவில்லை என்றால் முறையே 40, 30. கை தோள் மட்டத்துக்கு மேலே போனாலும் வலியோடுதான் போகிறது என்றால், 4.59 விதியின்படி இந்தக் குறியீட்டின் மிகக் குறைந்த அளவான 20 கிடைக்க வேண்டும். முன்பக்கத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று என ஒரே கைக்கு இரண்டு மதிப்பீடு கேட்பதில் பயனில்லை. 2013-இல் யோனெக் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எழுதாத கையில் 20 சதவீதம் வைத்திருப்பவர், தன் கை 90 அல்ல, 45 பாகையில்தான் நிற்கிறது என்று நிரூபிக்க மாதக்கணக்கில் பாடுபட்டாலும் ஒரு டாலர்கூட ஏறாது. அவர் 25 பாகையைக் காட்ட வேண்டும்; இல்லையென்றால், மேற்கை எலும்பு முறிந்து ஒட்டாமலே போதல் போன்ற நிலைகளுக்கான 5202 குறியீட்டைப் பார்க்க வேண்டும். எழுதும் கையென்றால் கதை வேறு. 2025-ஆம் ஆண்டு விகிதப்படி, சார்ந்திருப்போர் இல்லாத ஒருவருக்கு 20 சதவீதத்துக்கு மாதம் 346.95 டாலர், 30 சதவீதத்துக்கு 537.42 டாலர் கிடைத்தது.

இப்போது உயர்நிலை மறுஆய்வுக்கு வருவோம். புதிய காகிதம் ஒன்றைக்கூடச் சேர்க்க முடியாது என்பதால் பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். தோள்பட்டை வழக்குகளில் அது அவசர முடிவு. பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. கையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போதும், வலி முற்றும் நாட்களிலும் எவ்வளவு இயக்கம் குறைகிறது என்று மருத்துவர் கருத்துச் சொல்ல வேண்டும் என்றது 1995-இன் டெலூக்கா தீர்ப்பு. படைவீரர் தானாக அசைக்கும்போதும், மருத்துவர் பிடித்து அசைக்கும்போதும் வலியைச் சோதிக்க வேண்டும், பாதிக்கப்படாத மறு தோளோடு ஒப்பிட வேண்டும் என்றது 2016-இன் கொரியா தீர்ப்பு. வலி முற்றிய நாளில் நேரில் பார்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மதிப்பிட மறுக்கக் கூடாது, நோயாளியிடம் கேட்டாவது மதிப்பிட வேண்டும் என்றது 2017-இன் ஷார்ப் தீர்ப்பு. உங்கள் அறிக்கையில் "ஊகிக்காமல் சொல்ல இயலாது" என்று மட்டும் எழுதி முடித்திருந்தால், அல்லது கோண அளவுகளே அரைகுறையாக இருந்தால், அந்தக் குறை ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. புதிய ஆதாரம் எதற்கு? மறுஆய்வில் தொலைபேசி உரையாடல் ஒன்றைக் கேட்டுப் பெற்று, அந்தப் பக்கத்தைச் சுட்டிக்காட்டினால், ஆதாரம் திரட்ட உதவும் கடமையில் துறை தவறியதாக ஏற்றுக்கொண்டு புதிய பரிசோதனைக்கு அனுப்ப வழி இருக்கிறது.

ஆனால் அந்தப் புதிய பரிசோதனையை யார் செய்வார் என்பது உங்கள் கையில் இல்லை. வலி குறைந்த ஒரு காலைப் பொழுதில் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தால், மீண்டும் அதே எண்தான் வரும். நாற்பது கிலோ மூட்டையோடு ஆண்டுக்கணக்கில் நடந்தவரின் தோளை சில நிமிட அளவீட்டில் முடித்துவிடுவது அநியாயம். வலி எப்போது முற்றுகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது, அன்று கை எதுவரை எழுகிறது, சட்டை போட முடிகிறதா என்பதையெல்லாம் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

அறிக்கை முறையாகவே இருக்கிறது, ஆனால் முடிவு பாதகம் என்றால் துணைக் கோரிக்கைதான் சரி. இங்கே நீங்கள் தேர்ந்தெடுத்த எலும்பு மருத்துவர் கோணமானியால் அளந்து எழுதியதைச் சேர்க்கலாம். அருகிலிருந்து பார்த்த மனைவியோ சக வீரரோ எழுதிய வாக்குமூலத்தைச் சேர்க்கலாம். ஆதாரம் புதிதாகவும் பொருத்தமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவே நிபந்தனை. மூன்று வழிகளில் இதில் மட்டுமே ஆதாரம் திரட்ட உதவும் கடமை துறைக்கு மீண்டும் பிறக்கிறது. தோள் காயத்துக்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று மறுக்கப்பட்டவர்களுக்கும் இதையே முதலில் சொல்வேன். "தொடர்பு இருக்கச் சமமான அல்லது அதற்கு மேலான வாய்ப்பு உண்டு" என்று காரணங்களோடு எழுதிய மருத்துவக் கருத்து ஒன்று, கோபமான பத்துக் கடிதங்களைவிட வலியது. ஒரு தோள் காயத்தால் மறு தோளை அதிகம் பயன்படுத்தி அதுவும் கெட்டிருந்தால், அதைத் தனியாகக் கோர வேண்டும். இரண்டு கைகளும் ஏற்கப்பட்டால், அவற்றின் கூட்டு மதிப்பில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேரும்.

வாரியம் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டியது என்பது என் எண்ணம், இரண்டு விதிவிலக்குகளோடு. முதல் இரண்டு வழிகளுக்குத் துறை வைத்திருக்கும் இலக்கு சராசரி 125 நாள். வாரியத்தில், புதிய ஆதாரமோ விசாரணையோ இல்லாத நேரடிப் பரிசீலனைக்கே இலக்கு 365 நாள். ஆதாரம் சேர்க்கும் வரிசையும் விசாரணை கேட்கும் வரிசையும் இன்னும் நீளும். உண்மைகளில் தகராறு இல்லாமல், விதியை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் மட்டும் வழக்கு நிற்கும்போது, அல்லது உங்கள் நேரடிச் சாட்சியத்தை நம்புவதா என்பதே கேள்வியாகும்போது, நீதிபதிதான் பொருத்தமானவர்.

வாரியத்துக்குப் போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. துறையின் முடிவு வந்த பிறகு கோப்புக்கு அனுப்பிய காகிதங்களை நேரடிப் பரிசீலனையில் நீதிபதி பார்க்க மாட்டார். ஆதார வரிசையிலும், படிவத்தோடு அல்லது அதன்பின் 90 நாளுக்குள் கொடுத்ததையே பார்ப்பார். இடையில் அனுப்பிய நல்ல மருத்துவக் கருத்து படிக்கப்படாமலே கிடக்கலாம். அந்த 90 நாளுக்குள் அதை மறுபடியும் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வழி தோற்றால் ஓராண்டுக்குள் இன்னொன்றுக்கு மாறலாம். பணம் கணக்கிடத் தொடங்கும் பழைய தேதியும் பறிபோகாது. ஆனால் மறுஆய்வுக்கு மேல் மறுஆய்வு கிடையாது. வாரியத்தில் தோற்றால் புதிய ஆதாரத்தோடு துணைக் கோரிக்கை, அல்லது 120 நாளுக்குள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம். அங்கீகாரம் பெற்ற படைவீரர் அமைப்புகள் இந்த வேலையை இலவசமாகச் செய்கின்றன. வழக்கறிஞர் வைத்தால், நிலுவைத் தொகையில் 20 சதவீதம்வரை நியாயமான கட்டணமாகவே கருதப்படும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.