எல்க் வேட்டைக்கு முன்பணம் கட்டும் முன் படியுங்கள்: என் 3,200 டாலர் போச்சு

நேற்று இரவுதான் வையோமிங்கிலிருந்து டென்வர் திரும்பினேன். மலைக்காட்டில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குத் திட்டமிடுவது எப்படி என்று விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன், இப்போது அதற்கு மனசே இல்லை. 3,200 டாலர் போய்விட்டது.

வையோமிங் மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. வில்டர்னஸ் என்று ஃபெடரல் அரசு அறிவித்த காட்டுக்குள் வெளிமாநிலத்தவர் எல்க் சுடப் போனால், கூடவே ஒரு கைடு இருக்க வேண்டும். மீன் பிடிக்க, சும்மா நடக்க யாரும் வேண்டாம், எல்க் மாதிரி பெரிய விலங்கு வேட்டைக்குப் போனால்தான் இந்தக் கதை. ஜனவரியில் விண்ணப்பித்து, குலுக்கலில் வேட்டை லைசென்ஸும் விழுந்துவிட்டதால் (அது தனியாக 692 டாலர்) வேட்டைப் பயண விளம்பரங்கள் போடும் ஒரு தளத்தில் கைடு தேடினேன். ஒருவன் கிடைத்தான்.

வீடியோ காலில் கோவேறு கழுதைகளைக் காட்டினான். "ஆண் எல்க்கைச் சுடுறது பெரிசில்லை, எலும்பை எடுத்தாலும் கறி 90 கிலோவுக்கு மேல வரும், முதுகில சுமந்தா நாலு நடை, வெயில் அடிச்சா கெட்டுப்போகும், முதல்ல அதுக்கு வழி பண்ணணும்" என்றான். அங்கேதான் விழுந்தேன், ஏனென்றால் அவன் சொன்னது அத்தனையும் உண்மை. கைடு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒரு தாளை காமிராவில் காட்டினான். அன்றே Zelle-இல் (பேங்க் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) 3,200 டாலர் முன்பணம் அனுப்பினேன்.

டூபாய்ஸ் ஊரில் மோட்டலில் காத்திருந்தேன். முதல் நாள், மேலே பனியாம். மறுநாள் கழுதைக்குக் கால் சுளுக்காம். மூன்றாம் நாள் "பார்ட்னர் கூப்பிடுவார்". யார் அந்தப் பார்ட்னர், இன்றுவரை தெரியாது. அப்புறம் போனே எடுக்கவில்லை. தளத்தைக் கேட்டால் "நாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுகிறோம்", பேங்க்கைக் கேட்டால் "நீங்களே அனுப்பிய பணம்தானே சார்".

வனவிலங்குத் துறைக்குப் போன் செய்தபோதுதான் அந்தத் தாளின் லட்சணம் தெரிந்தது. உள்ளூர்க்காரர்கள் நண்பரையோ உறவினரையோ கூட்டிப்போக இலவசமாகக் கொடுக்கும் கைடு லைசென்ஸ் அது. அதை வைத்து ஒரு சென்ட் கூட வாங்கக் கூடாது! என்னிடம் வாங்கியதோ 3,200 டாலர்.

உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது, காற்றடிக்கும் திசை பார்ப்பது எல்லாம் இன்னொரு நாள். இப்போதைக்கு இவ்வளவுதான்: காசு வாங்கும் கைடு, அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணம் ஏற்பாடு செய்பவர்) யாரானாலும் மாநில அவுட்ஃபிட்டர் போர்டின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், தாளைக் காட்டினால் நம்பாதீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள்.

இன்று காலை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். விளம்பரம் அப்படியே இருக்கிறது, அதே கழுதைகளோடு.