பிரிண்டர் டிரைவருக்கு ₹4,720 பிடுங்கிவிட்டார்கள், தேடினால் வரும் ஹெல்ப்லைன் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள்

பாலக்கோட்டில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பழைய பிரிண்டரை ஓட வைத்துத் தருகிறோம் என்று சொல்லி என்னிடம் ₹4,720 வாங்கி ஏமாற்றியிருக்கிறார்கள். பணம் போய் இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செய்யக் கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், பழைய பிரிண்டர் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

என்னுடையது எச்பி லேசர்ஜெட் 1020 பிளஸ். நம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் ஒன்று இது இருக்கும், இல்லையென்றால் கேனான் 2900 இருக்கும். 12ஏ டோனரை ரீஃபில் செய்து செய்து ஓட்டலாம், ஒரு பக்கத்துக்கு ஆகிற செலவு அவ்வளவு குறைவு. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ஹால் டிக்கெட் எல்லாம் அதில்தான் எடுத்துக் கொடுக்கிறேன். அது நின்றால் கடையும் நிற்கும்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்று சிஸ்டம் அடிக்கடி சொல்லிக்கொண்டே இருந்தது. கடையில் ஊர்க்காரர்களின் ஆதாரும் பேங்க் விவரமும் திறக்கிற கம்ப்யூட்டர், அப்படியே விட முடியாது. எட்டாம் தலைமுறை ஐ3 என்பதால் 11 ஏறும் என்று அதுவே காட்டியது, ஏற்றினேன், மற்ற எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்தது. பிரிண்டர் மட்டும் இல்லை. பட்டியலில் பேர் இருக்கிறது, பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் போய் நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் எரர் என்று வருகிறது. வெளியே சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வந்தவர்கள் பிள்ளைகளோடு நிற்கிறார்கள்.

கூகுளில் பிரிண்டர் பேரையும் டிரைவர் (கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பேச வைக்கிற மென்பொருள்) என்றும் போட்டுத் தேடினேன். மேலே முதலில் வந்த தளம், பிரிண்டர் படம், மாடல் நம்பர் போடுகிற கட்டம், கம்பெனியின் அடையாளம், எல்லாம் அசல் மாதிரியே. (பிரிண்டர் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அவர்கள் படத்தைத் திருடி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்பான்சர்ட் என்று மேலே எறும்பு சைஸில் எழுதியிருந்தது, அதை யார் பார்க்கிறார்கள்.) டவுன்லோட் அழுத்தினால் பட்டை ஓடுகிறது, முடியப் போகிற நேரத்தில் சிவப்பாக ஒரு பெட்டி, டிரைவர் நிறுவ முடியவில்லை, டெக்னீஷியனை அழைக்கவும், கீழே நம்பர். அந்த டவுன்லோடே பொய், படம் ஓட்டிக் காட்டுகிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

போன் எடுத்தவன் தமிழில் பேசினான். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இங்கிலீஷிலோ இந்தியிலோ பேசியிருந்தால் அப்போதே வைத்திருப்பேன். "அக்கா, எந்த ஊரு?" என்றான். பாலக்கோடு என்றேன். "அட, நான் மொரப்பூர்க்கா! எங்க சித்தப்பா வீடு மாரண்டஅள்ளிதான். கடை தக்காளி மண்டி பக்கமா, ஆபீஸ் பக்கமா?" என்று கேட்கிறான். மண்டியைப் பற்றி, வெயிலைப் பற்றி, ரோட்டைப் பற்றி எல்லாம் பேசினான். உண்மையிலேயே மொரப்பூர்க்காரனா, இல்லை நான் பேர் சொன்னதும் மேப்பைப் பார்த்துப் பேசினானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "நீங்க டென்ஷன் ஆகாதீங்கக்கா, கடையில ஆளு நிக்குதில்ல, பத்து நிமிஷத்துல முடிச்சுத் தரேன்" என்றான். ஊர்ப் பிள்ளை என்று, சரி தம்பி என்று, அவன் சொன்ன ஆப்பை இறக்கி அதில் காட்டிய நம்பரைச் சொன்னேன். அதன் பிறகு என் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது.

இவெண்ட் வியூவர் என்று ஒன்றைத் திறந்தான், கம்ப்யூட்டரில் நடப்பதெல்லாம் பதிவாகிற இடம். சிவப்புக் குறிகள் வரிசையாக. "பாருங்கக்கா எவ்ளோ எரர், இதுல ஒண்ணு ஒண்ணும் உங்க பிரிண்டரைப் பிளாக் பண்ணுது" என்றான். அதை எந்த கம்ப்யூட்டரில் திறந்தாலும் அந்தச் சிவப்பு இருக்குமாம், நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரிலும் இருக்குமாம். அடுத்து, மைக்ரோசாஃப்ட் பழைய பிரிண்டர் டிரைவரை எல்லாம் நிறுத்துகிறது, இனி வருஷா வருஷம் லைசென்ஸ் போட வேண்டும் என்றான். இதில் பாதி நிஜம், அதுதான் கெட்டிக்காரத்தனம். பிரிண்டர் கம்பெனிகளின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப் போகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது உண்மை. ஆனால் ஏற்கெனவே இருக்கிற டிரைவர் அதனால் செத்துப்போகாது, பிரிண்டர் கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கிப் போடவும் தடை இல்லை. லைசென்ஸ் என்று ஒரு பேச்சே கிடையாது. டிரைவர் இலவசம். இதை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டிரைவர் இலவசம்.

₹4,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி ₹720, மொத்தம் ₹4,720 என்றான். ஜிஎஸ்டி போட்டு பில் தருகிறான் என்றால் முறையான கம்பெனி என்றுதானே யாருக்கும் தோன்றும்? க்யூஆர் அனுப்பினான். ஸ்கேன் செய்தால் கம்பெனி பேர் வரவில்லை, யாரோ ஒரு ஆள் பேர் வருகிறது. கேட்டேன். "அது எங்க அக்கவுண்டன்ட் பேருக்கா, கம்பெனி கரன்ட் அக்கவுண்ட் இன்னிக்கு மெயின்டனன்ஸ்ல இருக்கு." பதில் எல்லாம் வாயில் ரெடியாக வைத்திருக்கிறான். பணம் போனதும் பில் மெயிலில் வந்தது. பிறகு அதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து இருக்க வேண்டும், இதில் 13தான் இருக்கிறது. அதைக்கூட ஒழுங்காகத் திருடத் தெரியவில்லை.

பணம் போட்டதும் ஏதோ யுனிவர்சல் டிரைவர் என்று ஒன்றைப் போட்டான், டெஸ்ட் பேஜ் அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தது, பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, பேப்பர் அசையவே இல்லை. "லாஜிக் கார்டு வீக்கா இருக்குக்கா, அது சரியாக இன்னொரு பிளான் இருக்கு, ₹7,999" என்றான். வேண்டாம் தம்பி, கொடுத்த பணத்துக்கு பிரிண்ட் வர வை என்றேன். சீனியர் கூப்பிடுவார் என்று வைத்தான்.

அதோடு அந்தத் தமிழ் காணாமல் போனது. அதே நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டால் இந்தியில் ஒருவர், டிக்கெட் நம்பர் சொல்லுங்கள் என்கிறார். சொன்னால், டிக்கெட் க்ளோஸ்ட், இஷ்யூ ரிசால்வ்ட் என்கிறார். என் முன்னால் வெள்ளைப் பேப்பர் கிடக்கிறது, ரிசால்வ்டாம். அடுத்த முறை ஒரு பெண், சர்வர் டவுன், 48 மணி நேரத்தில் ரீஃபண்ட் என்றார். அப்புறம் ரீஃபண்ட் எங்கள் பாலிசியில் இல்லை, ஆன்லைன் சர்வீஸ் கன்ஸ்யூம் ஆகிவிட்டது என்றார் வேறொருவர். மொரப்பூர்த் தம்பி எங்கே என்று கேட்டேன், அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்றார்கள். பிறகு எடுப்பதே இல்லை.

பேங்கில் போய் நின்றால் அங்கே ஒரு ராகம். "பின் நம்பர் நீங்களே போட்டிருக்கீங்க மேடம், நாங்க என்ன பண்ண முடியும்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார். ₹4,720 அவர்களுக்குச் சில்லறை. ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து அஞ்சு ரூபாய் வாங்குகிற கடைக்கு அது எத்தனை பேப்பர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சைபர் மோசடிக்கான 1930 ஹெல்ப்லைனில் புகார் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறேன், தருமபுரி சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கும் போவதாக இருக்கிறேன்.

பிரிண்டர் என்ன ஆயிற்று? ஓடுகிறது. காசு இல்லாமல் ஓடுகிறது, அதுதான் வயிற்றெரிச்சல். ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் சிஸ்டம் பார்க்கிற என் அக்கா மகன் வீடியோ காலில் சொல்லிக் கொடுத்தான். "சித்தி, லாஜிக் கார்டும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றான். விண்டோஸ் 11 ஏறினபோது அதே பிரிண்டருக்கு காப்பி 1 என்று இன்னொரு பேர் உருவாகியிருக்கிறது. பழைய பேர் யூஎஸ்பி001 என்ற போர்ட்டை (பிரிண்டருக்கு விண்டோஸ் வைத்திருக்கிற இணைப்பு வழி) பிடித்துக்கொண்டிருக்க, பிரிண்டர் நிஜத்தில் இருந்தது யூஎஸ்பி002-இல். நான் கொடுத்த பிரிண்டெல்லாம் ஆள் இல்லாத போர்ட்டுக்குப் போய் நின்றிருக்கிறது. அதற்கு மேல் இந்தத் திருடன் போட்ட யுனிவர்சல் டிரைவர் 1020-க்கு ஆகவே ஆகாதாம். இந்த மாடல் பக்கத்தைத் தானே தயார் செய்யாது, கம்ப்யூட்டர்தான் தயார் செய்து அனுப்ப வேண்டும், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் ஃபர்ம்வேரையே, அதாவது பிரிண்டர் உள்ளே ஓடுகிற மென்பொருளையே, டிரைவர்தான் அனுப்புகிறது. சரியான டிரைவர் இல்லையென்றால் விளக்கு மட்டும் எரியும்.

விண்டோஸில் சர்வீசஸ் பகுதியில் பிரிண்ட் ஸ்பூலரை (பிரிண்ட் வரிசையைப் பார்த்துக்கொள்கிற சர்வீஸ்) நிறுத்தி, சிக்கிக் கிடந்த வரிசையை அழித்து, திரும்ப ஸ்டார்ட் செய்தோம். இரண்டு பிரிண்டர் பேரையும் நீக்கினோம். பிரிண்ட் சர்வர் பிராபர்ட்டீஸ் உள்ளே போய் டிரைவரையும் அதன் பேக்கேஜையும் சேர்த்து நீக்கச் சொன்னான், இதை விட்டால் பழைய குப்பையே திரும்ப வந்து உட்காருமாம். யூஎஸ்பி கேபிளைக் கழற்றி, சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்து, திரும்பச் செருகி, பிரிண்டரை மேனுவலாகச் சேர்க்கிற இடத்தில் சரியான போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, அங்கே விண்டோஸ் அப்டேட் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பட்டியல் வர ரொம்ப நேரம் எடுக்கும், தொங்கிவிட்டது என்று மூடிவிடாதீர்கள். வந்தது, 1020-ஐத் தேர்ந்தெடுத்தேன், டெஸ்ட் பேஜ் வந்து விழுந்தது. உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் கம்பெனி தளத்துக்கு நேராகப் போய்ப் பாருங்கள், தேடல் வழியாகப் போகாதீர்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கடையில் ஆள் சேர்ந்துவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எவன் டிரைவருக்குப் பணம் கேட்டாலும் போனை வையுங்கள். திரையைப் பார்க்கிற ஆப்பை எவனுக்காகவும் போடாதீர்கள், போட்டிருந்தால் உடனே நெட்டைத் துண்டித்து, ஆப்பை நீக்கி, மெயில், பேங்க் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வேறு போனில் இருந்து மாற்றுங்கள். க்யூஆரில் கம்பெனி பேர் வராமல் ஆள் பேர் வந்தால் அனுப்பாதீர்கள், சாக்கு என்ன சொன்னாலும் சரி. பணம் போய்விட்டால் அவனோடு வாதாடி நேரத்தைப் போக்காமல் முதலில் 1930, 12 இலக்க யூபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு.

இன்று காலையில் வேறு நம்பரில் இருந்து ஒருவன் கூப்பிட்டான், ரீஃபண்ட் டிபார்ட்மென்ட்டாம், ₹4,720 திருப்பித் தருகிறார்களாம், அதற்கு அதே ஆப்பைத் திரும்ப இறக்கி, வருகிற க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போட வேண்டுமாம். பணம் வாங்குவதற்கு பின் தேவையில்லை. அப்படிப் போன் வந்தால் அதுவும் இதே கும்பல்தான்.