அபு படங்கள் ப்ளூ-ரேயில்: வாங்குமுன் பின்னட்டையைப் பாருங்கள்

அபு என்ற சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் சத்யஜித் ரேயின் வங்காளப் படங்கள் மூன்றையும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015-இல் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. ப்ளூ-ரே என்பது டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் டிஸ்க். நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பி போன மாதம் ஊருக்கு வந்தபோது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். நான் கும்பகோணத்தில் வயலின் சொல்லிக்கொடுப்பவன். அதில் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யை டிவிடியில் இருபது முறையாவது பார்த்திருப்பேன்.

முதல் நாள் டிஸ்க் ஓடவே இல்லை. ப்ளூ-ரேக்காக உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. "எந்த நாட்டு டிஸ்க்கானாலும் ஓடும் சார்" என்று அடித்துச் சொல்லித்தான் கடைக்காரர் என்னிடம் பிளேயரை விற்றார். அது சி மட்டுமே படிக்கிறது. எல்லா மண்டலத்துக்கும் திறந்த பிளேயர் ஒன்றைத் தேடிப்பிடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த ஒற்றை எழுத்து பின்னட்டையின் அடியில் பொடியாக அச்சிடப்பட்டிருக்கும். பணம் கொடுக்குமுன் பார்த்துவிடுங்கள். ப்ளூ-ரேயைவிடவும் நுணுக்கமான 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது, ஆனால் அவற்றுக்குத் தனி பிளேயர் வேண்டும். பழைய பொருள் கடையில், ப்ளூ-ரேக்குப் போட்டியாக வந்த எச்டி டிவிடி என்று சிவப்பு உறையில் மலிவாகக் கிடைத்தால் தொடாதீர்கள். தோஷிபா அதை 2008-லேயே கைவிட்டுவிட்டது. ப்ளூ-ரே பிளேயரில் அது ஓடாது.

படம் ஓடத் தொடங்கியதும் மூன்று வார எரிச்சலும் போய்விட்டது. மழைக்கு முன் குளத்தில் நீர்ப்பூச்சிகள் சறுக்கும் காட்சி நினைவிருக்கிறதா? டிவிடியில் அவை சாம்பல் நிறத் தண்ணீரில் நடுங்கும் புள்ளிகள். இங்கே கால் ஊன்றிய இடத்தில் தண்ணீரின் மேல்தோல் குழிவது தெரிகிறது. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்புக் கதிர், ப்ளூ-ரேயைப் படிப்பது 405 நானோமீட்டர் நீல ஊதாக் கதிர். பேனா முனை மெலிந்தால் அதே தாளில் அதிகம் எழுதலாம் அல்லவா? இரண்டடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி பிடித்த இடத்தில் இங்கே 50 ஜிபி பிடிக்கிறது. என் பழைய டிவிடியின் ஒரு சட்டகத்தில் (பிரேமில்) இருந்த புள்ளிகளைப்போல் சரியாக ஐந்து மடங்கு இதில் இருக்கிறது.

இந்தப் படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் பற்றிய தீயில் கருகியவை. இத்தாலியின் பொலோன்யாவில் அந்தச் சுருள்களை நெகிழவைத்து, கையால் ஒட்டிச் செப்பனிட்டு, 4கே தரத்தில் ஸ்கேன் செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும் இரண்டாம் படமான 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் அப்படி மீண்டவை. மற்ற பகுதிகள் வேறு பிரதிகளிலிருந்து வந்தவை, அங்கங்கே கொஞ்சம் மங்கல்தான். எனக்கு அது குறையாகவே படவில்லை.

என்னை உலுக்கியது ஒலி. என் டிவிடி லண்டனில் வாங்கியது, ஐரோப்பாவின் 'பால்' (PAL) தொலைக்காட்சி முறையில் அமைந்தது. வினாடிக்கு 24 சட்டகம் ஓடவேண்டிய படத்தை அதில் 25 சட்டகமாக ஓட்டுவார்கள். 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். இத்தனை வருடமாக ரவிசங்கரின் சிதாரை நான் தப்பான சுருதியில் கேட்டிருக்கிறேன். ப்ளூ-ரேயில் அது இறங்கி, தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வயலினை எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது.

வசன வரிகள் ஆங்கிலத்தில்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அபுவின் அக்கா துர்கா மழையில் நனைந்து சுழலும் இடம் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து, "இதற்குச் சொல்ல வேண்டாம், விடு" என்றாள்.