எட்டு வருட ஹெட்லைட்: குறை பல்பில் இல்லை

எட்டு வருடமாக ஒரே கார்தான் ஓட்டுகிறேன். ஐந்தாவது வருடத்தில் இரவுப் பயணம் என்றாலே தயக்கம் வந்துவிட்டது. ஒருநாள் கறுப்புச் சட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். பிரேக் பிடித்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது.

பல்ப் பழசாகியிருக்கும் என்று எச்4 ஹாலஜன் இரண்டையும் மாற்றினேன். பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் ஒருநாள் காரைக் கழுவும்போது ஹெட்லைட்டின் முன்மூடியான லென்ஸைக் குனிந்து பார்த்தேன். மேல்பாதி முழுக்க மஞ்சள் பூத்து, விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. கீழ்ப்பாதி பரவாயில்லை. வெயில் நேராக விழுகிற இடம்தான் முதலில் கெடுகிறது.

நாம் கண்ணாடி என்று நினைப்பது உண்மையில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். புற ஊதாக் கதிரைத் தாங்க அதன்மேல் மெல்லிய கோட்டிங் பூசியிருப்பார்கள். அது தேய்ந்துவிட்டால் பிளாஸ்டிக் மஞ்சளாகி, வெளிச்சம் சாலைக்குப் போகாமல் நாலாபக்கமும் சிதறும். நமக்கு இருட்டு, எதிரே வருகிறவருக்குக் கண் கூச்சம்.

முதலில் பற்பசை போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது, ஆனால் இரண்டே மாதத்தில் மறுபடி மஞ்சள். மேலே பாதுகாப்புப் பூச்சு எதுவும் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்கை வெயிலில் விட்டால் வேறென்ன ஆகும்?

இரண்டாம் முறை பொறுமையாகச் செய்தேன். சுற்றிலும் பெயிண்ட்டில் படாமல் டேப் ஒட்டி, 800, 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரை (ஈர உப்புத்தாள்; எண் கூடக் கூட நயம்) தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தேன். முதல் பேப்பரில் வழிகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அது பால் வெள்ளையாக மாறும்வரை அடுத்த பேப்பருக்குப் போகக் கூடாது. நடுவில் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். கெடுத்துவிட்டோமோ என்று பயம் வரும், நிறுத்தாதீர்கள். கடைசியில் பாலிஷ் காம்பவுண்ட் போட்டதும் தெளிந்துவிடும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தேன். எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இந்தக் கோட்தான். எனக்கு அது ஒன்றரை வருடம் தாங்கியது.

இவ்வளவுக்குப் பிறகும் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கல். எஞ்சின் ஓட, விளக்கைப் போட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் பேட்டரியில் 13.8 வோல்ட், இடது பல்பில் மாட்டும் கப்ளரில் 12.3. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வயரின் போல்ட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி மாட்டினேன், இரண்டு பக்கமும் சமமானது. காசு கொடுத்து வாங்கிய எந்தப் பொருளும் எனக்கு இவ்வளவு பலன் தரவில்லை.

நடுவில் ஒரு வாரம் எல்இடி பல்பும் போட்டுப் பார்த்தேன். உட்கார்ந்து பார்க்க வெளிச்சம் அதிகம்தான். ஆனால் எதிரே வந்த வண்டியெல்லாம் எனக்கு டிம் அடித்துக் காட்டியது. ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் வேறு பல்பை வைத்தால், லோ பீமில் (டிம் விளக்கில்) வெளிச்சம் மேலே போகாமல் வெட்டி நிறுத்தும் மேல்விளிம்புக் கோடே கலைந்துவிடுகிறது. கழற்றிவிட்டேன். அடுத்தவர் கண்ணைக் குருடாக்கி நாம் பத்திரமாகப் போய்ச் சேர முடியாது.

பல்ப் மாற்றினாலும் சஸ்பென்ஷன் வேலை பார்த்தாலும் உடனே பீம் உயரத்தைச் சரிபார்க்கிறேன். சமதரை, டயரில் சரியான காற்று, டிரைவர் சீட்டில் ஒரு ஆள், டேஷ்போர்டில் லைட் உயரம் மாற்றும் திருகு 0. 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில், லோ பீமின் கோடு விளக்கின் நடுவுயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான சதவீதம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். என் காரில் 1 சதவீதம், அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம்.

முன்கண்ணாடியின் உள்பக்கத்தையும் மாதம் ஒருமுறை துடைக்கிறேன். அங்கே படிகிற மெல்லிய படலம் பகலில் கண்ணுக்கே தெரியாது. இரவில் எதிர் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாக விரியும்.

இப்போது அடித்திருப்பது இரண்டாவது கோட், பதினான்கு மாதம் ஆகிறது. வலது லென்ஸின் மேல்விளிம்பில் நூல் அளவுக்கு மஞ்சள் தெரிய ஆரம்பித்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் மறுபடி வாட்டர் பேப்பரை எடுக்க வேண்டும். கோட்டிங் முழுசாகப் போகாததால் இந்த முறை 1500-இலிருந்து ஆரம்பித்தால் போதும்.